மியூவான் விஷயத்தில் கடைசியில் யாருடைய அளவு தவறு?

பால்வாளி | 2025 ஜூன் 8, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். நான் மலேசியாவில் சுங்கை சிப்புட். ரப்பர் தோட்டத்துப் பால் ஸ்டோரிலும் அப்புறம் தொழிற்சாலைப் பரிசோதனை அறையிலுமாக 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இயற்பியல் படித்தவன் இல்லை. என் பேத்திக்காகத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

2021 ஏப்ரலில் அவள் படிவம் மூன்று. அமெரிக்காவில் ஃபெர்மி ஆய்வகத்தில் மியூவான் என்ற துகளின் காந்தத்தை அளந்தார்கள், கணக்கோடு ஒத்துவரவில்லை, இதுவரை யாரும் காணாத துகள் ஒன்று ஒளிந்திருக்கலாம் என்று செய்தி வந்தது. அதை வெட்டி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்தாள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது, பசை காய்ந்து ஓரம் மட்டும் சுருண்டுவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை இறுதி முடிவு வந்துவிட்டது. அளவு முன்னைவிட நுட்பமாகியிருக்கிறது, ஆனால் கணக்கோடு ஒத்துப்போகிறது, புதிய துகளுக்கு ஆதாரம் இல்லை என்கிறார்கள். பேத்தி என்னிடம் கேட்டாள்: "தாத்தா, அப்போ முதல்ல அளந்தவங்க தப்பா அளந்துட்டாங்களா?"

இரண்டு செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 2021இல் அளந்த எண் 0.00116592061. இப்போது வந்திருப்பது 0.001165920715. கடைசி இலக்கங்களில் ஏதோ கொஞ்சம் அசைந்திருக்கிறது, மற்றபடி அதே எண். அளந்த எண் மாறவில்லை என்றால் எது மாறியது? படித்தவர்கள் கொஞ்சம் விளக்கினால் அவளிடம் சொல்வேன்.

---

தாமரைக்குளம் | ஜூன் 8, இரவு 10:25

ஐயா, வணக்கம். நான் இடைநிலைப் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் பேத்தியின் கேள்வி நல்ல கேள்வி. நீங்கள் பார்த்ததும் சரிதான்: அளந்த எண் அப்படியே நிற்கிறது.

முதலில் எதை அளந்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன். மியூவான் எலக்ட்ரானின் உறவுக்காரர். அதே மின்னூட்டம், ஆனால் 207 மடங்கு கனம். 1936இல் ஆண்டர்சனும் நெடர்மையரும் விண்ணிலிருந்து வரும் கதிர்களில் அதைக் கண்டார்கள். பிறந்து ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் 2.2 பங்கு நேரத்தில் அழிந்துவிடும்.

ஒவ்வொரு மியூவானும் ஒரு சின்னக் காந்தம். சுற்றும் பம்பரம் சாயும்போது அதன் தலை மெதுவாக வட்டம் போடும் அல்லவா, அதேபோல் காந்தப்புலத்துக்குள் வைத்தால் மியூவானின் அச்சும் வட்டம் போடும். எவ்வளவு வேகமாகப் போடும் என்பதைச் சொல்லும் எண்ணுக்கு ஜி என்று பெயர். 1928இல் டிராக் போட்ட சமன்பாட்டின்படி அது சரியாக 2. ஆனால் 1947இல் எலக்ட்ரானை அளந்தபோது இரண்டைவிடச் சற்றே கூடுதல் என்று தெரிந்தது. அடுத்த ஆண்டே சுவிங்கர் காரணத்தைக் கணக்கிட்டுக் காட்டினார். வெற்றிடம் உண்மையில் காலி இடம் இல்லை, அதில் துகள்கள் கண நேரம் தோன்றி மறைந்துகொண்டே இருக்கின்றன, அவை பம்பரத்தைத் தொட்டுத் தொட்டு விடுகின்றன. இரண்டுக்கு மேல் வரும் அந்தத் துளியில் பாதிதான் நீங்கள் எழுதிய 0.00116 என்ற எண்.

இதில்தான் ஆசை பிறக்கிறது. நமக்குத் தெரிந்த துகள்கள் எல்லாம் சேர்ந்து எவ்வளவு தொடும் என்று கணக்குப் போடலாம். அளந்தால் அதைவிடக் கூட வந்தால், தெரியாத யாரோ ஒருவரும் சேர்ந்து தொடுகிறார் என்று அர்த்தம்.

---

ஆறாம்படிவம் | ஜூன் 8, இரவு 10:51

டீச்சர், எலக்ட்ரானையே அளந்தால் போதாதா? அது அழியாது, சுலபமாகக் கிடைக்கும். இரண்டு மைக்ரோ விநாடியில் செத்துப்போகும் ஒன்றைப் பிடித்து வைத்து எப்படி அளக்கிறார்கள்?

---

நிலாவெளி | ஜூன் 9, காலை 7:15

டீச்சருக்குப் பதிலாக நான் சொல்கிறேன். நானும் சிப்புட் பையன்தான், இப்போது பினாங்கில் இயற்பியலில் முதுகலை செய்கிறேன்.

எலக்ட்ரானை இன்னும் நுட்பமாகவே அளந்திருக்கிறார்கள். ஆனால் கனமான, தெரியாத துகளின் பாதிப்பு, அளக்கப்படும் துகளின் நிறையின் இருபடிக்கு ஏற்பக் கூடும். 207ஐ 207ஆல் பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய 43,000. அத்தனை மடங்கு மியூவானுக்கு உணர்திறன் அதிகம்.

ஆயுள் விஷயம்: ஒளியின் வேகத்துக்கு மிக நெருக்கமாக ஓடவிட்டால், நம் கடிகாரப்படி அதன் ஆயுள் 29 மடங்கு நீளும். 2.2 மைக்ரோ விநாடி 64 ஆகிவிடும். அதற்குள் 14 மீட்டர் விட்டமுள்ள காந்த வளையத்தை நானூறு தடவைக்கு மேல் சுற்றிவிடும்.

வளையத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். ஜி சரியாக 2 என்றால், மியூவான் ஓடும் திசையும் அதன் அச்சு காட்டும் திசையும் ஒன்றாகவே திரும்பும், எத்தனை சுற்று சுற்றினாலும். இரண்டுக்கு மேல் துளி இருப்பதால் அச்சு ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறத்தாழ 12 பாகை முந்துகிறது. 29 சுற்றில் ஒரு முழு வட்டம் முந்திவிடும். அதாவது, இரண்டைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் இயற்கையே நமக்கு எடுத்துத் தருகிறது.

முந்துவதை எப்படிப் பார்ப்பது? மியூவான் அழியும்போது ஒரு பாசிட்ரானை, அதாவது எலக்ட்ரானின் நேர்மின் இரட்டையை, துப்பும். அதிக ஆற்றலுள்ள பாசிட்ரான்கள் பெரும்பாலும் அச்சு காட்டும் திசையிலேயே போகும். வளையத்தின் உள்பக்கம் 24 கருவிகள் காத்திருக்கின்றன. அவற்றில் விழும் எண்ணிக்கை 4.37 மைக்ரோ விநாடிக்கு ஒரு தடவை ஏறி இறங்கும். ஏறி இறங்கும் வேகத்தையும் காந்தப்புலத்தையும் அளந்தால் விடை கிடைத்துவிடும்.

ஃபெர்மி ஆய்வகத்தின் இறுதிப் பிழை 100 கோடிக்கு 127 பங்கு. ஊர்க் கணக்கில் சொன்னால், சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அந்தத் தூரத்தை 4 மில்லிமீட்டர் பிழைக்குள் அளப்பது மாதிரி.

---

நெடுஞ்சாலை77 | ஜூன் 9, மதியம் 1:30

நான் லோரி ஓட்டுபவன். பெரிய சாமான் இழுக்கும் வேலை, டர்பைன், பாலத்துத் தூண் எல்லாம் இழுத்திருக்கிறேன். நீங்கள் சொல்லும் வளையத்தை 2013இல் இடம் மாற்றிய காணொளியை நான் பத்துத் தடவைக்கு மேல் பார்த்திருக்கிறேன். அறிவியல் எனக்கு வராது, அந்தப் பயணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வளையம் முதலில் நியூயார்க் பக்கம் லாங் தீவில் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் இருந்தது. சிகாகோ பக்கம் ஃபெர்மிக்குக் கொண்டுபோக வேண்டும். இரும்புப் பகுதியைக் கழற்றித் துண்டு துண்டாக லோரியில் ஏற்றிவிட்டார்கள். ஆனால் உள்ளே இருக்கும் மின்கம்பிச் சுருளைக் கழற்ற முடியாது, ஒரே துண்டு, ஏறத்தாழ 15 மீட்டர் அகலம். நெடுஞ்சாலையில் நேராகப் போனால் எல்லாத் தடத்தையும் அடைத்துவிடும். அதனால் மிதவையில் ஏற்றிக் கடல் வழியாகத் தெற்கே இறங்கி, ஃபுளோரிடாவைச் சுற்றி, ஆறுகள் வழியாக மேலே ஏறி, 35 நாளில் சுமார் 5,000 கிலோமீட்டர். இரண்டு முனையிலும் சாலைப் பயணம் இரவில் மட்டும், சாலையை மூடி வைத்து, ஆள் நடக்கும் வேகத்துக்குக் கொஞ்சம் கூட.

இதில் என்னை அசத்தியது ஒன்றுதான். அவ்வளவு பெரிய வளையம் 3 மில்லிமீட்டர் வளைந்தாலே கெட்டுவிடும். சாமானைத் தூக்கும்போது 3 மில்லிமீட்டர் என்பது என்ன என்று கிரேன் பிடித்தவனுக்குத்தான் தெரியும். பட்டையை இறுக்கும்போதே அவ்வளவு அசையும். அந்த டிரெய்லரை ஓட்டியவருக்கு என் கும்பிடு.

---

கேள்விக்குறி | ஜூன் 9, மாலை 6:05

எல்லோரும் வியந்துகொண்டிருக்கிறீர்கள், நான் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். வளையத்தை இழுத்துக்கொண்டு போனது 2013. அளந்து முடித்தது 2023. முடிவு வந்தது 2025. பன்னிரண்டு வருஷம் கழித்து "புதிதாக ஒன்றும் இல்லை" என்கிறார்கள். 2021இல் ஏன் அப்படிப் பெரிய செய்தியாகப் போட்டார்கள்? ஐயாவின் பேத்தி மாதிரி எத்தனை பிள்ளைகள் நம்பியிருப்பார்கள்? நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல ஆய்வுக்கூடம் கிடைப்பதே பாடாக இருக்கிறது. அந்தக் கோபத்தில்தான் கேட்கிறேன், யாரையும் குறை சொல்ல அல்ல.

---

தாமரைக்குளம் | ஜூன் 9, இரவு 8:12

கோபம் நியாயமானது, நானும் அந்த ஆய்வுக்கூடத்தில்தான் நின்று பாடம் எடுக்கிறேன். ஆனால் 2021இல் அவர்கள் கண்டுபிடித்துவிட்டோம் என்று சொல்லவில்லை. அளவுக்கும் கணக்குக்கும் இடைவெளி 4.2 சிக்மா என்றார்கள். சிக்மா என்பது இடைவெளி பிழையைப் போல எத்தனை மடங்கு என்று சொல்லும் அலகு. தற்செயலாக அப்படி வர 40,000இல் ஒரு வாய்ப்பு. துகள் இயற்பியலில் 5 சிக்மா வராமல் கண்டுபிடிப்பு என்ற சொல்லையே எடுக்க மாட்டார்கள். தலைப்புப் போட்டவர்கள் அந்த வரியை விட்டுவிட்டார்கள்.

---

பால்வாளி | ஜூன் 9, இரவு 11:20

எல்லோருக்கும் நன்றி. 12 பாகை முந்துவது என்று தம்பி எழுதியதைப் படித்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒரு பழைய சம்பவம் நினைவுக்கு வந்துவிட்டது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

1980களில், தோட்டத்தின் பெயர் வேண்டாம். காலை வெட்டு முடிந்து பால் ஸ்டோருக்கு வரும். வாளியிலிருந்து கொஞ்சம் பால் எடுத்து, கணக்காகத் தண்ணீர் கலந்து, உயரமான குவளையில் ஊற்றி, மேலே நுரையை விரலால் வழித்துவிட்டு மெட்ரோலாக்கை மெல்ல இறக்குவோம். தெரியாதவர்களுக்கு: அது கண்ணாடியில் செய்த மிதவை. கீழே குண்டு, மேலே மெல்லிய தண்டு, தண்டுக்குள் எண் அச்சிட்ட தாள். மிதந்து நிற்கும் இடத்தில் எண்ணைப் படித்தால் பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று தெரியும். வெட்டுக்காரர் சம்பளம் அந்த எண்ணில்தான் இருக்கிறது. மழை நாளில் எண் இறங்கும், வீட்டில் சண்டை வரும்.

தொழிற்சாலையில் நான் வேறு விதமாகப் பார்ப்பேன். அதே பாலில் சிறிது எடுத்து, ஆசிட் விட்டு உறையவைத்து, உருளையில் கொடுத்து மெல்லிய தகடாக்கி, அடுப்பில் காயவைத்துத் தராசில் நிறுப்பேன். இதற்கு ஒரு நாள் ஆகும். ஆனால் கையில் இருப்பது ரப்பரேதான், மிதவையின் ஊகம் இல்லை.

சில மாதங்களாக என் எண் ஸ்டோர் எண்ணைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வந்துகொண்டிருந்தது. எல்லா நாளும், ஒரே பக்கமாக. கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், சொன்னார், நீ சரியாகக் காயவைக்கவில்லை, தகட்டில் ஈரம் இருக்கிறது, அதனால்தான் கனம் என்று. நியாயமான சந்தேகம்தான். மறுபடியும் அடுப்பில் வைத்தேன். இரண்டு மடங்கு நேரம் வைத்தேன். தராசை மாற்றினேன். பக்கத்துத் தோட்டத்து ஆளிடம் ஒரு போத்தல் பால் கொடுத்துவிட்டு, என் எண்ணைச் சொல்லாமல் அவர் எண்ணைக் கேட்டேன். என் எண்ணேதான். அப்போதும் யாரும் நம்பவில்லை, ஏனென்றால் மெட்ரோலாக் எல்லோருக்கும் பழகிய கருவி.

பிறகு ஒரு நாள் புது மெட்ரோலாக் வந்தது. ஒரே குவளைப் பாலில் பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றி விட்டோம். எண் வேறு. பழையதைத் துடைத்து வாசல் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். தண்டுக்குள் ஒட்டியிருந்த தாள் நழுவி இடம் மாறியிருந்தது. நெல்மணி அகலம் கூட இல்லை. பழைய பசைத்தடம் தனியாக மஞ்சளாகத் தெரிந்தது.

அத்தனை மாதச் சம்பள வித்தியாசம்? யாருக்கும் கொடுக்கவில்லை. என் அக்காவும் அங்கே வெட்டுக்காரிதான். அதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

ஆக, என் பேத்திக்கு இப்படிச் சொல்லலாமா: அளந்தவர்கள் சரியாகத்தான் அளந்தார்கள், ஒப்பிடப் பிடித்த மெட்ரோலாக்கில்தான் தாள் நழுவியிருந்தது?

---

நெடுஞ்சாலை77 | ஜூன் 9, இரவு 11:58

அண்ணே, எங்கம்மாவும் பால் வெட்டியவர்தான். இதைப் படித்துவிட்டு அவரிடம் சொன்னேன். "எங்க ஸ்டோர்லயும் அந்தக் குண்டு இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார்.

---

நிலாவெளி | ஜூன் 10, காலை 6:40

ஐயா, இந்த இழையிலேயே இதுதான் சிறந்த விளக்கம். பெரும்பகுதி பொருந்துகிறது. பொருந்தாத ஓர் இடமும் இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் உங்கள் பேத்திக்குச் செய்யும் துரோகம்.

பொருந்துவது: புரூக்ஹேவனில் 1997 முதல் 2001 வரை அளந்தார்கள். கணக்கோடு இடிக்கவே, அளவில்தான் ஏதோ கோளாறு என்று பலர் நினைத்தார்கள். ஃபெர்மியில் காந்தத்தை இன்னும் சீராக்கி, ஆயிரக்கணக்கான மெல்லிய இரும்புத் தகடுத் துண்டுகளை ஒட்டி ஒட்டிப் புலத்தைச் சரிசெய்து, புதிதாக அளந்தார்கள். அதே எண் வந்தது. நீங்கள் அடுப்பையும் தராசையும் மாற்றிப் பார்த்தது போலத்தான்.

இப்போது மாறிய பக்கம். 2020இல் கோட்பாட்டாளர்கள் கூடி ஒப்புக்கொண்ட கணக்கு 0.00116591810. இந்த ஆண்டு மே மாதம் அவர்களே வெளியிட்ட புதிய கணக்கு 0.00116592033. கடைசி இலக்கங்களில் பார்த்தால் இடைவெளி 251ஆக இருந்தது, இப்போது 38.

எங்கே ஏறியது? மொத்த விடையில் ஒரு லட்சத்தில் ஆறு பங்கு அளவுள்ள ஒரு சின்னத் துண்டில். மின்காந்தப் பகுதியைப் பற்றிக் கவலை இல்லை. அதற்காக கினோஷிட்டாவும் கூட்டாளிகளும் ஐந்தாம் படியில் மட்டும் 12,672 ஃபைன்மன் வரைபடங்களை, அதாவது துகள்கள் தொட்டுக்கொள்ளும் விதங்களைக் காட்டும் படங்களை, கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். வம்பு செய்வது அணுக்கருவின் உள்ளே இருக்கும் குவார்க் என்ற துகள்கள். வெற்றிடத்தில் கண நேரம் தோன்றும் குவார்க் கூட்டத்தின் பங்கைக் காகிதத்தில் போட முடியாது. இரண்டு வழி உண்டு. ஒன்று, எலக்ட்ரானையும் பாசிட்ரானையும் மோதவிட்டு குவார்க்குகளால் ஆன பையான் என்ற துகள் எவ்வளவு வருகிறது என்று எண்ணி, அதிலிருந்து கணக்குக்கு மாற்றுவது. 2020 கணக்கு அந்த வழியில் வந்தது. மற்றது, இடத்தையும் காலத்தையும் கட்டம் கட்டமாகப் பிரித்து மீக்கணினியில் நேரடியாகப் போடுவது. நம் ஊர்ச் செம்பனை நிரைகளை நினைத்துக்கொள்ளுங்கள். மரத்துக்கு மரம் 9 மீட்டர் விட்டு நட்டால் மரம் இருக்கும் இடத்தில் மட்டுமே மண்ணைத் தெரியும். 6 மீட்டர், 3 மீட்டர் என்று நெருக்கிக்கொண்டே போனால், இடைவெளியே இல்லாவிட்டால் என்ன வரும் என்று கணித்துவிடலாம்.

புடாபெஸ்ட், மார்செய், வுப்பர்டால் ஊர்களின் பெயரில் ஒரு குழு இருக்கிறது. அவர்கள் இப்படிக் கட்டக் கணக்குப் போட்டு, அளவுக்கு நெருக்கமான விடையை வெளியிட்டார்கள். எந்த நாளில் தெரியுமா? ஃபெர்மி முதல் முடிவு அறிவித்த அதே 2021 ஏப்ரல் 7. உங்கள் பேத்தி செய்தியை வெட்டி ஒட்டிய நாளிலேயே பதிலும் அச்சில் வந்துவிட்டது, ஆனால் அது அவ்வளவு பெரிய செய்தியாகவில்லை. அடுத்த ஆண்டுகளில் வேறு குழுக்களும் தனித்தனியாகப் போட்டு அதே பக்கம் வந்து சேர்ந்தார்கள்.

பொருந்தாதது இதுதான். நீங்கள் மெட்ரோலாக்கை வெயிலில் பிடித்தீர்கள், நழுவிய தாளைக் கண்ணால் கண்டீர்கள். இங்கே அந்தத் தாளை இன்னும் யாரும் காணவில்லை. ரஷ்யாவில் நோவோசிபிர்ஸ்க் ஊரில் 2023இல் ஒரு மோதல் சோதனையின் முடிவு வந்தது. அது அதற்கு முன் அதே ஊரில் நடந்த சோதனையோடே ஒத்துவரவில்லை, மற்ற ஊர்ச் சோதனைகளோடும் ஒத்துவரவில்லை, கட்டக் கணக்கோடுதான் ஒத்துவருகிறது. மோதல் வழி எண்கள் தங்களுக்குள்ளேயே சண்டை போடுவதால்தான் இந்த ஆண்டுக் கணக்கில் அந்தத் துண்டுக்குக் கட்டக் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கணக்கின் பிழை அளவும் 43இலிருந்து 62 ஆகக் கூடியிருக்கிறது. அளவின் பிழையோ 14.5தான்.

---

கேள்விக்குறி | ஜூன் 10, மாலை 5:30

ஐயாவின் கதையைப் படித்த பிறகு என் பேச்சைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். ஆனால் ஒன்று உறுத்துகிறது. அளந்தவர்களுக்குப் பழைய எண் தெரியும். புரூக்ஹேவன் எண்ணே வர வேண்டும் என்ற ஆசையில் தெரியாமலே கையைச் சாய்த்திருக்க மாட்டார்களா? மனிதர்கள்தானே.

---

தாமரைக்குளம் | ஜூன் 10, இரவு 7:48

அதற்கு ஒரு பூட்டுப் போட்டிருந்தார்கள், நான் வகுப்பில் தவறாமல் சொல்லும் பகுதி இது. ஏறி இறங்கும் வேகத்தை அளக்கக் கடிகாரம் வேண்டும். அந்தக் கடிகாரம் ஓடும் வேகத்தைக் குழுவில் இல்லாத இருவர் மட்டும் கொஞ்சம் மாற்றிவைத்தார்கள். எவ்வளவு என்பதை எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட்டார்கள். ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் வேலை செய்து, எல்லாத் திருத்தமும் போட்டு, இனி எதையும் தொட மாட்டோம் என்று முடிவெடுத்த பிறகுதான் உறை பிரிக்கப்பட்டது. 2021இல் கோவிட் காலம் என்பதால் கணினித் திரை வழியே கூடினார்கள். எண்ணைப் போட்டதும் புரூக்ஹேவன் விடையின் பக்கத்திலேயே போய் விழுந்தது.

ஐயா பக்கத்துத் தோட்டத்து ஆளிடம் தன் எண்ணைச் சொல்லாமல் போத்தலைக் கொடுத்தாரே, அதே நேர்மை.

---

தெற்குவாசல் | ஜூன் 11, காலை 9:05

இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு குடும்பச் செய்தி சொல்கிறேன். எங்கள் பாட்டன் வட ஆற்காட்டிலிருந்து மலாயாவுக்குக் கப்பல் ஏறினார். அவருடைய தம்பி கோலார் தங்கவயலுக்குப் போனார். ஒருவர் ரப்பர் மரத்துக்கு, ஒருவர் சுரங்கத்துக்கு.

மியூவான் என்றதும் எனக்குக் கோலார்தான் நினைவு வரும். அந்தச் சுரங்கத்தில் வெவ்வேறு ஆழத்தில் கருவிகளை இறக்கி, கீழே போகப் போக மியூவான் எப்படிக் குறைகிறது என்று டாட்டா ஆராய்ச்சிக் கழகத்தினர் அளந்தார்கள். மிக ஆழத்தில் மியூவான் அடியோடு இல்லாமல் போனது. அப்படியானால் நியூட்ரினோவைத் தேட இதுதான் இடம் என்று தோன்றியது. 1965இல் தரைக்குக் கீழே 2.3 கிலோமீட்டரில், வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடத்தைக் கண்டார்கள். ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் அந்தக் குழுவில் இருந்தார்கள். கூண்டில் இறக்கி, பாறையைக் குடைந்து வழி செய்து கொடுத்த உழைப்பு பெரும்பாலும் தமிழ் பேசிய தொழிலாளர்களுடையது. சின்னப் பாட்டன் அந்த ஆழத்துக்கு இறங்கினாரா என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்தச் சுரங்கம் 2001இல் மூடப்பட்டுவிட்டது.

ஊட்டியிலும் ஒரு பெரிய மியூவான் கருவி இருக்கிறது. 2014 டிசம்பர் 1ஆம் தேதி ஓர் இடிமழை அதன் மேல் கடந்தபோது மியூவான் எண்ணிக்கை சுமார் 2 சதவீதம் குறைந்தது. அதை வைத்து மேகத்துக்குள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததாகக் கணக்கிட்டார்கள். புதிய துகள் வந்தால்தான் மியூவானை அளந்ததில் பயன் என்று நினைப்பவர்களுக்காக இதையும் எழுதுகிறேன்.

---

ஆறாம்படிவம் | ஜூன் 11, மதியம் 2:44

அப்படியென்றால் மியூவான் இப்போதும் நம் மேல் விழுந்துகொண்டே இருக்கிறதா? பார்க்க முடியுமா?

---

நிலாவெளி | ஜூன் 11, இரவு 9:30

விழுந்துகொண்டே இருக்கிறது. தரையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளங்கையை விரித்து வைத்தால் விநாடிக்கு ஒன்றாவது கடந்து போகும்.

பார்க்கவும் முடியும். அடியில் கறுப்புத் தகடு வைத்த கண்ணாடித் தொட்டி, மேல் விளிம்பில் கம்பளித் துணி, அதில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், கீழே உலர் பனிக்கட்டி. பக்கவாட்டில் கைவிளக்கை அடித்தால் போதும், மேகத் தொட்டி தயார். டீச்சர் இடம் ஏற்பாடு செய்தால் சனிக்கிழமை ஊருக்கு வரும்போது பனிக்கட்டி கொண்டுவருகிறேன். வெறும் கையில் அதைத் தொடக்கூடாது, கழிவறை கழுவும் கையுறை போதாது, தடித்த துணிக் கையுறை வேண்டும். சன்னல் எல்லாம் திறந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, அளவு இதோடு முடியவில்லை. ஜப்பானில் தோகாய் என்ற ஊரில் முற்றிலும் வேறு முறையில் இதே எண்ணை அளக்கத் தயாராகிறார்கள். மியூவானை முதலில் ஏறக்குறைய நிறுத்திவிட்டு, பிறகு முடுக்கி, 66 சென்டிமீட்டர் விட்டமே உள்ள சின்ன வட்டத்தில் சுற்றவிடுவது திட்டம். அங்கேயும் அதே எண் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

---

பால்வாளி | ஜூன் 14, இரவு 10:10

இன்று பார்த்தோம்.

டீச்சர் பள்ளி நூலகத்தைத் திறந்து கொடுத்தார். பேத்தி, அவள் தோழிகள் மூன்று பேர், ஆறாம்படிவம் தம்பி, நான், லோரி ஓட்டும் மணி, அவர் அம்மா. பினாங்குத் தம்பி பழைய மீன்தொட்டியைக் கவிழ்த்து எல்லாம் அமைத்தார். முதல் கால் மணி நேரம் ஒன்றுமே இல்லை, தகட்டின் மேல் தூறல் மாதிரி ஏதோ விழுந்துகொண்டிருந்தது. மூடி சரியாக உட்காரவில்லை என்று பேத்திதான் கண்டுபிடித்து விளிம்பில் பசைநாடா ஒட்டினாள்.

அப்புறம் வந்தது. வெள்ளை நூலை யாரோ சட்டென்று இழுத்துப் பிடித்த மாதிரி ஒரு கோடு, கைநீளம், நேராக. நாங்கள் ஆ என்பதற்குள் கலைந்து கீழே இறங்கிவிட்டது. குட்டையாகத் தடியாக வருவது காற்றில் இருக்கும் ரேடான் விடும் ஆல்பா, சுருண்டு சுருண்டு போவது எலக்ட்ரான், நீளமாக மெல்லியதாக நேராகப் போவதில் பெரும்பாலானவை மியூவான் என்று தம்பி சொன்னார். மணியின் அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் குனிந்து பார்த்தார். இது நம்ம மேலயும் போகுதா என்று கேட்டார். ஆமாம் என்றதும் கையை நீட்டித் தொட்டியின் மேல் வைத்துக்கொண்டார்.

பேத்தியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், நழுவிய தாளை இன்னும் யாரும் காணவில்லை என்பதையும் சேர்த்து. "அப்போ யாராவது கண்டுபிடிக்கணும் இல்ல?" என்றாள். அலமாரிச் செய்தியைக் கிழிக்கவில்லை. சுருண்ட ஓரத்துக்குப் புதிய பசை வைத்தாள்.

ஒரு நிமிடத்தில் எத்தனை நீளக் கோடு என்று மூன்று பேர் எண்ணினோம். பேத்தி 14, மணி 11, நான் 9. என் கண் பழையது, அதனால் என் எண்தான் குறைவு என்று எல்லோரும் உடனே முடிவு செய்துவிட்டார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த சனிக்கிழமை, 21ஆம் தேதி, காலை பத்து மணிக்கு மறுபடியும் எண்ணுகிறோம். வருகிறவர்கள் ஆளுக்கு ஓர் உறையும் பென்சிலும் கொண்டுவாருங்கள். எண்ணி முடித்ததும் எழுதி ஒட்டி டீச்சரிடம் கொடுத்துவிட வேண்டும், அதுவரை யாரும் யாரிடமும் எண்ணைச் சொல்லக்கூடாது. கேள்விக்குறி தம்பியும் வந்தால் நன்றாக இருக்கும், உறையைப் பிரிக்கும் வேலையை அவருக்கே கொடுக்கலாம் என்று டீச்சர் சொல்கிறார்.